பெரியம்மாவுக்காக இதய மருத்துவம் படிக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்த 29 வயது மருத்துவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட சமூக சேவை எல்லாம் முடித்து, இப்போது வடக்கு குவாசுலு-நட்டாலில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் மெடிக்கல் ஆபீசராக இருக்கிறார். அப்பா இல்லை. அம்மாவும், படித்துக்கொண்டிருக்கும் தம்பியும் இவருடைய சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, இவருடைய பெரியம்மாவுக்குத் தாடை வலியும் வாந்தியும் வந்திருக்கிறது. வயது 56, சர்க்கரை நோயாளி. வீட்டில் கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். மதியம் காஷுவால்டிக்கு (மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு) கூட்டிப்போனபோது பச்சை நிற ஸ்டிக்கர் ஒட்டி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இசிஜி எடுத்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். அன்று நம் வாசகர் மூன்று மணி நேரத் தொலைவில் டியூட்டியில் இருந்தார்.

"இதய மருத்துவராகி, இல்லாதவர்களுக்கு வேலை செய்ய வேண்டும்" என்கிறார். ஆனால் எதிர்ப்பும் குழப்பமும் நிறைய. மாமா, "பதினைந்து வருஷம் தனியாரில் சம்பாதி, அப்புறம் சேவை செய்" என்கிறார். அம்மாவுக்கு மறுபடி படிப்பா, மறுபடி கட்டணமா என்ற பயம். "இந்த நோய் நம்ம ரத்தத்திலேயே இருக்கு, நீ படிச்சு என்ன மாத்தப் போறே" என்றும் அம்மா சொல்கிறார். மூத்த மருத்துவர் ஒருவர், பெண்ணுக்குக் கேத் லேப் (எக்ஸ்ரே உதவியோடு இதய ரத்தக்குழாய்களைப் பார்த்துச் சரிசெய்யும் அறை) ஆகாது என்றிருக்கிறார். தோழி ஒருத்தி, மருத்துவத்தை விட்டுவிட்டு வெளிநாட்டில் பொதுச் சுகாதாரம் படிக்க வா என்று கூப்பிடுகிறாள். பெரியம்மாவின் மகன் மருத்துவமனை மேல் வழக்குப் போட நினைத்து, இவருடைய உதவியைக் கேட்கிறார். என்ன செய்வது?

அன்புத் தங்கைக்கு,

"நான் அன்று அங்கே இருந்திருந்தால் காப்பாற்றியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பேசிவிடுவோம். நேரத்தோடு இசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டிருந்தால் உங்கள் பெரியம்மா பிழைக்கும் வாய்ப்பு நிச்சயம் கூடியிருக்கும். பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. நீங்கள் அன்று வேறொரு ஊரில் வேறு யாருடைய அம்மாவையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது உங்கள் கடமை, அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குற்ற உணர்ச்சியை வைத்துக்கொண்டு இந்தத் துறைக்குள் வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது இரண்டு வருடம் ஓட வைக்கும், ஆறு ஏழு வருடம் தாங்காது. ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீங்கள் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை: ஒரு சர்க்கரை நோயாளிப் பெண்ணின் தாடை வலிக்கு எப்படிப் பச்சை ஸ்டிக்கர் விழுந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு வாழ்க்கையும் வேலை செய்யலாம்.

பச்சை ஸ்டிக்கர்

நம் காஷுவால்டிகளில் புழங்கும் தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் முறை, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று நிறத்தால் பிரிக்கும் முறை, உங்களுக்கு அத்துப்படி. மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். வருகிறவரின் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், உடல் சூடு எல்லாம் பார்த்து சிஸ்டர் மதிப்பெண் போடுவார். அதோடு சில அறிகுறிகளுக்குத் தனி இடம் உண்டு. பெரியவர் ஒருவர் "நெஞ்சு வலி" என்று சொன்னால் ஆரஞ்சு, அதாவது 10 நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் ஒரு மணி நேரம். பச்சை என்றால் நான்கு மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

உங்கள் பெரியம்மா நெஞ்சு வலி என்று சொல்லவில்லை, அவருக்கு அது இல்லவும் இல்லை. பல வருடச் சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுத்து, வலியை மங்கச் செய்திருக்கலாம். தாடை, முதுகு, மேல் வயிறு, வாந்தி, குளிர்ந்த வியர்வை, இனம் தெரியாத அசதி என்று மாரடைப்பு வருவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். அட்டவணையில் உள்ள வார்த்தையை நோயாளி சொல்லவில்லை, நாடியும் அழுத்தமும் அந்த நேரத்தில் மோசமாக இல்லை, அதனால் பச்சை. இதில் கொடூரமான ஆள் யாரும் இருந்திருக்க வேண்டியதில்லை. அந்த சிஸ்டர் நாற்பது பேரை ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

சமநீதி என்று மேடையில் பேசுவது எனக்கு இந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. அதே காலையில், அதே தாடை வலியோடு, மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) அட்டை வைத்திருக்கும் ஒருவர் தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தால், வரிசை குட்டையாக இருந்திருக்கும், இசிஜி மிஷின் பக்கத்திலேயே இருந்திருக்கும். இந்த நாட்டில் அந்த அட்டை இருப்பது ஆறு பேரில் ஒருவருக்குத்தான். மீதி ஐந்து பேருக்கு இசிஜி மிஷின் எங்கே பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம், பேப்பர் ரோல் தீர்ந்து எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் உயிர் விஷயம். ஒரு நல்ல இதய மருத்துவருக்கு வால்வும் தெரிய வேண்டும், அந்தச் சாவியும் தெரிய வேண்டும்.

"நம்ம ரத்தத்திலேயே இருக்கு"

அம்மா சொல்வதில் பாதி உண்மை. தெற்காசிய வழிவந்தவர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஐந்தாறு வருடம் முன்னதாக வருகிறது. டர்பன் இந்தியர்களிடம் சர்க்கரை நோய் மிக அதிகம் என்பதும் பல காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் "என்ன மாத்தப் போறே" என்ற மீதிப் பாதி தவறு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைந்த சாப்பாடு போன்ற ஒன்பது காரணிகளில் அடக்கிக் காட்டியது. எல்லாம் மாற்றக்கூடியவை. நம்மவர்களுக்கு முன்னதாக வருவதற்கு முக்கியக் காரணம், இந்தக் காரணிகள் நம்மிடம் முன்னதாகவே வந்துவிடுவதுதான் என்பதும் அதே ஆய்வின் தொடர்ச்சியில் தெரிந்தது.

ரத்தத்தைக் குறை சொல்வதற்கு முன் தெருவையும் பார்க்க வேண்டும். மாகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் நம் தாத்தா பாட்டிகளை நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டம் பெயர்த்து எடுத்துச் சாட்ஸ்வர்த்தில் இறக்கியது. நடந்து போன வேலைக்கு பஸ் ஏற வேண்டியதாயிற்று, வீட்டுக்குப் பின்னால் கீரை போட்ட நிலம் போயிற்று. கரும்புத் தோட்டத்தில் நாளெல்லாம் உழைத்த உடம்புக்கான சோறும் எண்ணெயும் தட்டில் அப்படியே இருக்க, உழைப்பு மட்டும் நின்றுவிட்டது. இதையெல்லாம் ஜீன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

இதில் அரசாங்கத்தால் ஆகிற காரியமும் உண்டு. ரொட்டி உள்ளிட்ட பல உணவுகளில் உப்புக்கு உச்சவரம்பு வைத்த சட்டம் 2016 ஜூனில் இங்கே அமலுக்கு வந்தது. சர்க்கரை பானங்களுக்கு 2018 ஏப்ரலிலிருந்து வரி இருக்கிறது. உப்பு விஷயத்தில் இப்படிச் சட்டமே போட்டதில் தென்னாப்பிரிக்கா உலகுக்கு முன்னோடி. அதற்குப் பின்னால் ஆய்வாளர்களும் மருத்துவர்களும் வருடக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். உடன்பிறந்த சகோதரிக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதால், மருத்துவக் கணக்கில் அவருக்கு நேரடியான குடும்ப வரலாறு இருக்கிறது. ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிட வேண்டும். உங்கள் கடிதத்தில் தம்பி படிப்பு வரை எல்லாம் இருந்தது, அம்மா கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டார் என்பது மட்டும் இல்லை.

அரசு மருத்துவமனையில் இதயத்துக்கு ஒன்றும் செய்ய முடியாதா?

"ஆஞ்சியோ பண்ண வசதி இல்லாத இடத்தில் இதய மருத்துவர் இருந்து என்ன பயன்" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மாரடைப்பில் ரத்தக்குழாயை பலூன் வைத்துத் திறப்பதுதான் சிறந்தது, ஆனால் கண்டுபிடித்த இரண்டு மணி நேரத்துக்குள் அதைச் செய்ய முடிந்தால்தான். உங்கள் ஊரிலிருந்து டர்பனுக்கு வரும் சாலையில் அது நடக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கட்டியைக் கரைக்கும் ஊசிதான் சரியான சிகிச்சை. அது ஏழைக்கு ஒதுக்கிய இரண்டாந்தரச் சிகிச்சை இல்லை, உலகம் முழுக்க வழிகாட்டிகள் சொல்வதே அதைத்தான். அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருக்கிறது. முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். அப்புறம் ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும்.

ஆக, உங்கள் மருத்துவமனையில் மருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பார்மசியில் பூட்டியிருந்து, ராத்திரி பார்மசிஸ்டைக் கூப்பிட வேண்டும் என்றால், அதை காஷுவால்டிக்கே கொண்டுவரச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். வந்த நேரம், இசிஜி எடுத்த நேரம், ஊசி போட்ட நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 35 வயது தாண்டிய சர்க்கரை நோயாளி யார் வந்தாலும், தொப்புளுக்கு மேலே தாடை வரை எங்கே வலித்தாலும், ட்ரையாஜ் நிறம் எதுவாக இருந்தாலும் முதலில் இசிஜி என்று மேட்ரனிடம் பேசி ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வயதையும் அறிகுறியையும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். எடுத்த இசிஜியை 10 நிமிடத்துக்குள் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நீங்கள் இதய மருத்துவராக வேண்டிய அவசியமே இல்லை, நாளைக் காலையே தொடங்கலாம்.

நம் நாட்டில் இதய நோய் என்றால் மாரடைப்பு மட்டும் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருக்கும் வடக்கில் பிரசவத்துக்கு முந்தின மாதத்திலிருந்து பிள்ளை பெற்ற ஐந்து மாதம் வரை இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் இளம் தாய்மார்களைப் பார்த்திருப்பீர்கள். "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் மூச்சு வாங்கும்" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள்! தொண்டை வலிக்குப் பென்சிலின் கிடைக்காமல், அது ருமாட்டிக் காய்ச்சலாகி, பதினாறு வயதில் வால்வு சுருங்கிப்போன பிள்ளைகள் இருக்கிறார்கள். காசநோய் இதய உறையில் நீர் கோத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். இவையெல்லாம் பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்கு வருகிற நோய்கள். டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனைக்கு மாகாணம் முழுவதிலிருந்தும் இவர்கள் வந்து சேர்கிறார்கள். பலர் தாமதமாகத்தான் வருகிறார்கள்.

முதலில் சம்பாதித்து, அப்புறம் சேவை

மாமா உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். தனியாரில் வேலை செய்வது பாவமும் இல்லை. தனியாரில் இருந்துகொண்டே அரசு மருத்துவமனையில் சில மணி நேரம் கற்றுக்கொடுக்கும் நல்ல இதய மருத்துவர்களை எனக்குத் தெரியும். ஆனால் பதினைந்து வருடம் கழித்துத் திரும்புவேன் என்ற திட்டத்தை நம்பாதீர்கள். பதினைந்து வருடத்தில் வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளி, பிராக்டிஸின் கடன் என்று எல்லாம் அந்த வருமானத்தின் மேல் கட்டப்பட்டிருக்கும். கையும் மாறிப்போயிருக்கும். தினமும் ஸ்டென்ட் வைத்த கைக்கு ருமாட்டிக் வால்வைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகும். அரசில் நிபுணர் பணியிடங்களும் குறைவு, நீங்கள் வரும்போது ஒன்று காலியாகக் காத்திருக்காது.

இடைவழி ஒன்று இருக்கிறது. அரசுப் பணியில் இருந்துகொண்டே, எழுத்துமூலம் அனுமதி வாங்கி, வேலை நேரத்துக்கு வெளியே தனியாரில் சில மணி நேரம் பார்க்கலாம். அனுமதி இல்லாமல் செய்தால் ஒழுங்கு நடவடிக்கை வரும், அதனால் அதில் விளையாடாதீர்கள். தம்பி படிப்பு முடியும் வரை இது உங்கள் வீட்டுக்கு உதவும்.

அம்மாவின் பயத்துக்கு நேரான பதில்: ரெஜிஸ்ட்ரார், அதாவது நிபுணர் பயிற்சியில் இருக்கும் மருத்துவர் என்பது சம்பளம் வாங்கும் பதவி. நான்கு வருடம் பொது மருத்துவ நிபுணர் பயிற்சி, அதில் எஃப்.சி.பி. என்ற நிபுணர் தகுதித் தேர்வுகளும், எம்.மெட். என்ற முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வேடும். அதற்கு மேல் இரண்டு மூன்று வருடம் இதய மருத்துவத் துணைப் பயிற்சி. மாதச் சம்பளம் வரும். தேர்வுக் கட்டணம், புத்தகச் செலவு போன்றவை கையிலிருந்து போகும். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதில் முடிப்பீர்கள். நடுவில் பணியிடம் கிடைக்காமல் ஒரு வருடம் போகலாம், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோழி சொல்லும் பொதுச் சுகாதாரப் படிப்பு நல்ல படிப்புதான், எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் இப்போது வேண்டாம் என்பேன். பொங்கானி மயோசியின் பாதையைப் பாருங்கள். கிழக்குக் கேப்பில் வளர்ந்து, நம் டர்பனில் நட்டால் பல்கலைக்கழகத்தில் 1989இல் மருத்துவம் முடித்தவர். இதய மருத்துவராகி, ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். உலகம் கைவிட்ட இரண்டு நோய்களைப் பிடித்துக்கொண்டார். ஒன்று ருமாட்டிக் இதய நோய், இன்னொன்று இதய உறைக் காசநோய். 2005இல் டிராக்கன்ஸ்பெர்க்கில் ஆப்பிரிக்க மருத்துவர்கள் கூடி ருமாட்டிக் காய்ச்சலை ஒழிக்க வெளியிட்ட பிரகடனத்தின் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. 2018இல் உலக சுகாதார மாமன்றமே அந்த நோய் பற்றித் தீர்மானம் போட்டது. வார்டில் நோயாளியின் நெஞ்சில் கை வைத்தவர் சொன்னதால்தான் அந்த வாதத்துக்கு எடை இருந்தது என்று நான் நம்புகிறேன். முதலில் கைத்திறன் வரட்டும். பொதுச் சுகாதாரப் பட்டத்தை வேலையில் இருந்துகொண்டே பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

மயோசியைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அதே 2018 ஜூலையில், 51 வயதில், மனச்சோர்வோடு போராடிய அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். இந்த நாட்டு மருத்துவ உலகம் இன்னும் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. நாட்டின் சுமையைத் தன் தோளில் எடுத்துக்கொள்கிற மருத்துவருக்கும் தூக்கமும் சாப்பாடும் சிகிச்சையும் வேண்டும். "பெரியம்மா போனதிலிருந்து ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக அப்படி என்றால் அதற்கு ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் கூச்சமாக இருந்தால் டர்பனில் பாருங்கள், போனிலும் பேசலாம். இதை ரெஜிஸ்ட்ரார் விண்ணப்பத்துக்கும் முன்னால் வைக்கிறேன்.

பெண்ணுக்கு ஆகாத துறையா?

ஆகும். இதில் நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. சொவேட்டோவில் பாரக்வனாத் மருத்துவமனையில் இருந்து ஆப்பிரிக்க நகரத்து இதய நோய்களை உலகுக்குக் காட்டிய ஆய்வை நடத்திய கேரன் ஸ்லிவா ஒரு பெண். பிள்ளை பெற்ற தாய்மார்களின் இதயத் தளர்ச்சி பற்றி இன்று உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும் பங்கு அவருடையது. உலக இதயக் கூட்டமைப்பின் தலைவராகவும் இருந்தார். அதற்கும் வெகு முன்பே, 1930களில் எடின்பரோவில் மருத்துவம் படித்து டர்பனுக்குத் திரும்பி, இந்தியர்களுக்கு வைத்தியம் பார்த்து, 1946 சத்தியாகிரகத்தில் சிறைக்கும் போனவர் நம் டாக்டர் குணம். அவரிடமும் பெண்ணுக்கு ஆகாது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

கேத் லேபின் கதிர்வீச்சு பற்றிய பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது அளக்கக்கூடிய, குறைக்கக்கூடிய ஆபத்து. ஈய ஏப்ரன், கழுத்துக் கவசம், கதிர்வீச்சு அளவுமானி மூன்றும் இல்லாமல் கேத் லேபுக்குள் நுழையாதீர்கள். கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு குழந்தைக்குப் போகும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச வரம்பு. ஏப்ரனுக்கு உள்ளே வயிற்றருகே இன்னொரு அளவுமானி வைத்து மாதாமாதம் பார்ப்பார்கள். அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டப்படி பிரசவ விடுப்பு உங்கள் உரிமை. ஆபத்தான வேலையைக் கர்ப்பிணியைச் செய்ய வைக்கக்கூடாது, முடிந்தவரை மாற்று வேலை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது நான் எக்கோ (இதய ஸ்கேன்) அறைக்கும் இதயத் தளர்ச்சி கிளினிக்குக்கும் மாறிக்கொண்டேன். பயிற்சியில் எந்தக் குறையும் வரவில்லை. இதய மருத்துவம் முழுக்கக் கேத் லேப் கிடையாது, எக்கோ, வால்வு, தளர்ச்சி, தடுப்பு என்று நீங்கள் ஆசைப்படும் வேலையில் பாதிக்கு மேல் அதற்கு வெளியேதான் நடக்கிறது.

வழக்கு, உரிமை

நான் வழக்கறிஞர் இல்லை, ஒரு மருத்துவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு. 2003 தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும். மெடிக்கல் எய்ட் இல்லாதவர் மாரடைப்போடு தனியார் வாசலுக்கு வந்தாலும் முதல் அவசர சிகிச்சையைத் தந்தாக வேண்டும். இது பலருக்குத் தெரியாது, உங்களுக்குப் பழக்கமானவர்களிடம் சொல்லுங்கள்.

ஆனால் அந்தப் பிரிவுக்கு எல்லை உண்டு. டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சுப்பிரமணிக்கு 41 வயது. வேலையில்லை, சர்க்கரை, இதய ரத்தக்குழாய் நோய், சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இதயம் கெட்டிருந்ததால் மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியில்லை, அதனால் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸும் இல்லை என்றார்கள். நீண்டகால நோய்க்கான டயாலிசிஸ் "அவசர சிகிச்சை" ஆகாது, இருக்கிற வளத்துக்குள்தான் அரசு செய்ய முடியும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. சில நாட்களில் அவர் இறந்துவிட்டார். நீதிமன்றத்தின் கை எட்டாத இடத்திலும் ஒருவர் செத்துப்போகலாம் என்பதை அந்த வழக்கில் படித்தேன். அந்த எல்லைக்கு அப்பால் செய்ய வேண்டியது நம்மைப் போன்றவர்கள் வேலை. அவருடைய இதயமும் சிறுநீரகமும் கெடுவதற்குப் பல வருடம் முன்பே ஒரு கிளினிக்கில் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் வந்திருந்தால் கதை மாறியிருக்கும்.

உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது மறுப்பு இல்லை, தாமதம். அதில் கவனக்குறைவு இருந்ததா என்பதைக் கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரியம்மாவின் பிள்ளைகள் தகவல் அணுகல் சட்டப்படி மருத்துவமனையில் கோப்பைக் கேட்கலாம், பொதுவாக 30 நாட்களில் பதில் வர வேண்டும். இழப்பீட்டு வழக்குக்குப் பொதுவான காலவரம்பு 3 வருடம். அரசு நிறுவனத்துக்கு 6 மாதத்துக்குள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற விதியும் உண்டு, அந்த மாதங்கள் உங்களுக்குக் கடந்துவிட்டன. நீதிமன்றம் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதைக் கேட்டுப் பெற வேண்டும். அதனால் அண்ணன் இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். காசு வேண்டாம், பதில்தான் வேண்டும் என்றால் முதலில் அந்த மருத்துவமனையிலேயே எழுத்தில் புகார் கொடுத்து, சரியான பதில் வராவிட்டால் சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம்.

உங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பான வேண்டுகோள். அந்த மருத்துவமனையில் இருக்கும் நண்பரிடம் கோப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள், உங்கள் லாகினை வைத்துப் பரிசோதனை முடிவுகளைத் தேடாதீர்கள். நோயாளியின் ரகசியம் அவர் இறந்த பிறகும் ரகசியம்தான். அப்படிச் செய்தால் உங்கள் பதிவுக்கே ஆபத்து வரும், வழக்கும் பலவீனமாகும். அண்ணனுக்குக் கோப்பின் மொழியை விளக்கிச் சொல்லலாம். நிபுணர் சாட்சியாக நீங்கள் நிற்க முடியாது, ரத்த உறவு ஆயிற்றே.

இனி

எஃப்.சி.பி. முதல் பகுதித் தேர்வுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். அதை முடித்தவர்களுக்கு ரெஜிஸ்ட்ரார் நேர்காணலில் கை ஓங்கியிருக்கும். மாவட்ட மருத்துவமனை ராத்திரிகளில் படிப்பது கஷ்டம்தான், தினமும் ஒரு மணி நேரம் போதும். காஷுவால்டி நோட்டை ஆறு மாதம் விடாமல் எழுதுங்கள், புதிய இசிஜி வழக்கத்துக்கு முன்னும் பின்னும் என்ன மாறியது என்று தெரியும். நாளை எம்.மெட். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டியிராது, ஆனால் நோயாளி விவரங்களை ஆய்வாக எழுதுவதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதியும் வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் விடுப்பு எடுத்து டர்பன் வந்து இதயப் பிரிவில் நின்று பாருங்கள். தலைமை மருத்துவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். ரவுண்ட்ஸ், எக்கோ, புறநோயாளி வரிசை எல்லாம் பார்த்த பிறகும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பியுங்கள். தோன்றாவிட்டால் பொது மருத்துவ நிபுணராக ஒரு பிராந்திய மருத்துவமனையில் இருந்தும் நீங்கள் சொன்ன வேலையை முழுசாகச் செய்யலாம். வடக்கில் அப்படிப்பட்டவர்கள் இதய மருத்துவர்களைவிட அவசரமாகத் தேவைப்படுகிறார்கள்.